கோமதி அக்காவும் ஒரு நூல் பெரிய குழாயும்

காலையில் கடையைத் திறந்து, நசுங்காமல் வளைக்க வேண்டிய குழாய் ஒன்றில் மணலை நிரப்பிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. அம்பாசமுத்திரத்திலிருந்து சங்கரன், கோமதி அக்காவின் தம்பி. அவர் எனக்குப் போன் செய்கிறவர் இல்லை. செய்தால், அக்காவின் கார் எங்கோ நடுவழியில் நின்றுவிட்டது, அவள் அதன் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், கோபத்தில் போனைத் தம்பி கையில் கொடுத்துவிட்டாள் என்று பொருள். அதனால் அவர் வாயைத் திறக்கும் முன்பே, "வண்டி எங்கன நிக்கி?" என்று கேட்டேன்.

"வண்டி ஷெட்டுலதான் நிக்கி வே," என்றார் சங்கரன். "அக்காதான் போயிட்டா."

இரவு நன்றாகத்தான் படுத்தாளாம். காலையில் எழும்பவில்லை. குழாயிலிருந்து மணல் பாதி கொட்டியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

பழைய கார் வைத்திருக்கிற நம் கூட்டத்தின் மலரில் அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று அண்ணாச்சிமார் சொல்லிவிட்டார்கள். மரியாதையாக 'அவர்' என்று போட்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். யாரோ ஒரு அதிகாரியைப் பற்றி எழுதினது போல இருந்தது, கிழித்துப் போட்டேன். எனக்கு அவள் அக்கா. சண்டைக்காரி. தான் சொன்னது தப்பு என்று ஒருநாளும் வாயால் ஒப்புக்கொள்ளாதவள். செத்துப்போனாள் என்பதற்காக அவளைச் சாந்த சொரூபி ஆக்கினால் ஆவியாக வந்து என் கடை வாசலில் நின்று திட்டுவாள். அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

அவளைத் தெரியாமல் இதைப் படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கோமதி அக்கா மலையடிவாரத்து நீர்மின் நிலையம் ஒன்றில் என்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்பாசமுத்திரத்தில் அப்பா கட்டிய வீட்டில் அம்மா, தம்பி, தம்பி மனைவி என்று சேர்ந்து இருந்தாள். அப்பா விட்டுப்போன இன்னொரு சொத்து அந்தப் பச்சை நிற பீட்டில் கார். வண்டு போலக் குனிந்திருக்கும், எஞ்சின் பின்னால். ரேடியேட்டரும் தண்ணீரும் கிடையாது, காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும். நான் வண்ணார்பேட்டையில் சைலன்சர் கடை வைத்திருக்கிறேன். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது அந்தக் காரின் வயிற்றெரிச்சல் மட்டும்தான்.

வினை ஒரு ரயில்வே கேட்டில் ஆரம்பித்தது. தேய்ந்துபோன பழைய எஞ்சினோடு அக்கா ஓட்டிக்கொண்டிருந்த காலம். சங்கரனும் அம்மாவும் உள்ளே இருக்க, கார் சரியாகத் தண்டவாளத்தின் மேல் ஏறி நின்றுவிட்டது. அம்மாவுக்கு முழங்கால் மடங்காது. சட்டென்று இறக்கவும் முடியவில்லை. கேட்காரரும் பக்கத்து வயலில் களை எடுத்துக்கொண்டிருந்த பெண்களும் ஓடிவந்து தள்ளியிருக்கிறார்கள். ரயில் வர நேரம் இருந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றைக்குச் சங்கரன் கண்ட பயம் அவர் உடம்பை விட்டுப் போகவே இல்லை. அவரை நான் குறை சொல்லமாட்டேன். அந்தத் தண்டவாளத்தில் என் அம்மா உட்கார்ந்திருந்தால் நானே காரை அன்றைக்கே எடைக்குப் போட்டிருப்பேன்.

அக்கா வேறு மாதிரி யோசித்தாள். எஞ்சினைப் பிரித்து, பெரிய சிலிண்டர்கள் வரவழைத்து, ஆயிரத்து அறுநூறு சி.சி. எஞ்சினை ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சத்துக்குக் கொண்டுபோனாள். "வலு இல்லாமத்தான நின்னுது? வலுவ ஏத்திட்டேன், போ," என்றாள். கார் வெளியே வந்த அன்று சங்கரன் ஒரு குண்டைப் போட்டார். கோயம்புத்தூரில் ஒருவர் காரை விலைக்குக் கேட்டிருக்கிறார், கொடுத்துவிடலாம் என்றார். வீட்டில் இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. கடைசியில் அம்மா நடுவில் விழுந்து ஒரு தீர்ப்புக்கு வந்தார்கள். சங்கரன் அதை என்னிடம் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது.

"பங்குனி உத்திரத்துக்கு எங்க எல்லாரையும் ஏத்திக்கிட்டு சாஸ்தா கோயிலுக்கு மலை ஏறட்டும் வே. வழியில எங்கனயும் நிக்காம ஏறிட்டுன்னா அது எங்க வீட்டு வண்டி. நான் வாயத் தொறக்க மாட்டேன். நின்னுதோ, மறுநா காலையில கோயம்புத்தூருக்கு லாரி ஏறிரும்."

பங்குனி உத்திரத்தன்று எங்கள் பக்கத்தில் வீட்டில் யாரும் இருப்பதில்லை. அவரவர் சாஸ்தாவைத் தேடிப் போய்விடுவார்கள். சிலருக்குச் சாஸ்தா வயல் நடுவில் இருப்பார், சிலருக்குக் குளத்தங்கரையில், சிலருக்குச் செம்மணல் தேரிக்காட்டில். அக்கா குடும்பத்துக்கு அவர் பாபநாசத்துக்கு மேலே, செக்போஸ்ட் தாண்டி, வளைந்து வளைந்து ஏறும் மலைப்பாதையின் உச்சியில் இருந்தார். உயரமான ஜீப்பிலும் வேனிலும் அம்மாவால் கால் தூக்கி ஏற முடியாது. பீட்டிலின் தாழ்ந்த சீட்டில் பக்கவாட்டில் உட்கார்ந்து காலை உள்ளே திருப்பிக்கொள்ளலாம். கார் போனால் அம்மாவுக்குச் சாஸ்தாவும் போனார். அக்கா காருக்காகச் சண்டை போட்டது அதற்காகவும்தான். ஆனால் அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

எஞ்சின் பெரிதானால் புகை போகும் வழியையும் மாற்ற வேண்டும். எஞ்சினிலிருந்து நான்கு குழாய்கள் கிளம்பி, ஒன்றாகக் கூடி, சைலன்சரில் சேரும். ஹெட்டர் என்போம். குழாய் குறுகலாக இருந்தால் வேகத்தில் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். அகலமாக இருந்தால் பைய ஓடும்போது புகை வேகம் இழந்து சோம்பிவிடும், எஞ்சினும் கூடச் சோம்பும். நடுவில் சரியான அளவு எது என்பதில்தான் எல்லாக் கார்ப் பைத்தியங்களும் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நான் ஒன்றரை இஞ்ச் என்றேன். அக்கா ஒன்றரையும் ஒரு நூலும் என்றாள். இஞ்சில் எட்டில் ஒரு பங்கு எங்கள் தொழிலில் ஒரு நூல். அந்த ஒரு நூலுக்காக என் கடை வாசலில் நாங்கள் போட்ட சத்தத்தில் எதிர்த்த டீக்கடைக்காரர் ஸ்டூலைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"குழாய் குறுகுனா தண்ணி சண்ட போடும்லே. சர்வீஸ் முழுக்க அதத்தான பாத்தேன்," என்றாள் அக்கா. "மலையில இருந்து எறங்குத குழாய் யானை நொழையுத அகலம். ஏன் தெரியுமா? உரசல்ல வலு போயிரக் கூடாதுன்னுதான்."

"அது தண்ணிக்கா. இது புகை."

"எல்லாம் ஒழுகுத சாமான்தாம்லே. ஒங்கடையில ஒன்றரை வளைவு குப்பையாக் கெடக்கு. அத என் தலையில கெட்டப் பாக்க."

அவள் சொன்னதில் உண்மை இல்லாமலில்லை. ஒன்றரை இஞ்ச் வளைவுகள் என் கடை மூலையில் துருப்பிடிக்கத் தயாராகக் கிடந்தன. எனக்கும் அவள் எஞ்சினுக்கு எது பொருந்தும் என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்லத் தெரியாது. இருப்பதை விற்கும் வியாபாரியின் அறிவுதான் என்னுடையது. கூட்டத்து அண்ணாச்சிமாரும் அக்கா பக்கம் சேர்ந்துகொண்டார்கள். "யானைக்கு எலிப்பொந்துல வாசல் வைக்கியோ?" என்று என்னைக் கேட்டார் பிச்சையா அண்ணாச்சி. சரி, எக்கேடும் கெட்டுப்போங்கள் என்று ஒரு நூல் பெரிதாகவே செய்து மாட்டினேன்.

ஓட்டிப் பார்த்தோம். நான்குவழிச் சாலையில், வெறும் காரில், அக்காவும் நானும் மட்டும். நாங்குநேரிப் பக்கம் போகும்போது அது எழுப்பிய சத்தம் கூடங்குளம் வரை கேட்டிருக்கும். பின்னால் யாரோ பிடித்துத் தள்ளுவது போலப் பாய்ந்தது. அக்கா சிரித்த சிரிப்பில் அவள் கண்ணாடி மூக்கிலிருந்து நழுவியது. திரும்பி வந்தபோது ரோட்டோரம் காத்திருந்த அண்ணாச்சிமார் கைதட்டினார்கள். அன்றைக்கு எல்லோரும் நிம்மதியாக வீட்டுக்குப் போனோம். ஏற்றத்துக்காகக் கட்டிய வண்டியைச் சமவெளியில் ஓட்டிப் பார்த்துத் திருப்திப்பட்ட முட்டாள்கள் எங்களைத் தவிர இந்தத் தாமிரபரணிக் கரையில் வேறு யாரும் இருக்கமாட்டார்கள்.

சந்தேகம் முதலில் வந்தது அக்காவுக்குத்தான். உத்திரத்துக்குச் சில நாள் இருக்கும்போது கூப்பிட்டாள். "சுடலை, ஆள் ஏத்தாமப் பாத்தது கணக்குல வராதுலே. வா, மலைக்குப் போவோம்." போய்ப் பார்த்தால் காரில் அரிசி மூட்டைகள். முன் சீட்டில் ஒன்று, பின்னால் இரண்டு. முன்னால் இருந்ததை "இது அம்மா" என்றாள். பின்னால் இருந்ததில் பெரியதைத் தட்டி, "இது சங்கரன். பேசாம வருவான்," என்றாள். எப்படியும் கோவில் அன்னதானத்துக்குக் கொடுக்க வேண்டிய அரிசி. செக்போஸ்ட்டிலும் அதையே உண்மையாகச் சொல்லி ஏறிவிட்டோம். முன் மூட்டைக்கும் கதவுக்கும் நடுவில் நான் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன்.

முதல் வளைவு ஏறியது. இரண்டாவதில் எஞ்சின் கொஞ்சம் முனகியது. மூன்றாவது வளைவு மோசமானது. வலது பக்கம் பாறை, இடது பக்கம் கைப்பிடிச் சுவர், சுவருக்குக் கீழே ஆற்றின் சத்தம் மட்டும் கேட்கும். வளைவுக்குள் வேகம் குறைந்ததும் எஞ்சின் தொய்ந்துவிட்டது. அக்கா மிதித்தாள். மிதிக்க மிதிக்க அது இன்னும் தொய்ந்தது. பட் பட்டென்று இரண்டு தும்மல், அப்புறம் ஒன்றுமில்லை. ஒரு நொடி அமைதி. பிறகு கார் பின்னோக்கி நகர்ந்தது.

பிரேக்கை அழுத்தி மிதித்துப் பிடித்தாள். பாரம் இழுத்தது. கை பிரேக் பெயருக்குத்தான். கீழே பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஏறிவரும் சத்தம் கேட்டது. "ஏலே, கல்லு! கல்லப் போடு!" என்று கத்தினாள். கதவைத் திறந்து விழுந்து எழுந்து, ஓரத்தில் கிடந்த கல்லை எடுத்துப் பின் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன். கார் கல்லில் ஏறப் பார்த்து, யோசித்து, நின்றது. பஸ் டிரைவர் வளைவில் எங்களைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டார். அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியும் துடைக்கவில்லை. முன் சீட்டில் இருந்த மூட்டையைப் பார்த்தாள். அது அம்மாவாக இருந்திருந்தால் என்று அவள் நினைத்தது எனக்கும் தெரிந்தது.

பஸ்காரர்கள் இறங்கித் தள்ளி, காரை ஓரமாக விட்டார்கள். அரிசி மூட்டைகள் அந்தப் பஸ்ஸிலேயே கோவிலுக்குப் போய்ச் சேர்ந்தன. அதன்பிறகு அக்கா செய்தது என்னால் மறக்க முடியாத காரியம். எஞ்சினை மறுபடி கிளப்பி மெதுவாக ஓடவிட்டாள். பூ கட்டுவதற்காக எப்போதும் காரில் கிடக்கும் வாழை நாரில் ஒன்றைக் கிழித்து, ரோட்டிலேயே குந்தி உட்கார்ந்து, புகைக்குழாயின் வாயில் தொங்கப் பிடித்தாள். நார் வெளியே அடித்தது, உள்ளே போனது, மறுபடி வெளியே அடித்தது. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு முதுகு காய்ந்தது. கூப்பிடப் பயந்து நின்றேன்.

"சுடலை," என்றாள் நாரை விட்டுக் கண்ணெடுக்காமல். "இது அணைத் தண்ணி மாதிரி நிக்காம வரலலே. அடிபம்புத் தண்ணி மாதிரி விட்டு விட்டு வருது. ஒரு அடி, ஒரு இடைவெளி. பெரிய குழாயில முன்னால போன அடி அங்கனயே சோம்பி நிக்கி. பின்னால வாரது அதுல முட்டுது." எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். "குழாய எஞ்சினுக்குப் பாத்து வாங்கக் கூடாதுலே. ஏத்தத்துக்குப் பாத்து வாங்கணும்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினாள். பக்கத்துப் பாறையைப் பார்த்தபடி, "ஒங்கடையில அந்த ஒன்றரை வளைவு இன்னும் கெடக்கா?" என்று கேட்டாள். கோமதி அக்கா தன் தப்பை ஒப்புக்கொண்டதற்கு மிக அருகில் வந்த வாக்கியம் அதுதான். அதற்குமேல் நானும் எதிர்பார்க்கவில்லை.

மறுநாளிலிருந்து வேலை. பழைய ஹெட்டரைக் கழற்றினேன். ஒன்றரை இஞ்சில் நான்கு குழாய்களும் கூடியமட்டும் ஒரே நீளம் வரும்படி வளைத்து, பற்றவைத்து, மாட்டினேன். பெட்ரோல் கலவையையும் அதற்கேற்பத் திருத்தினோம். நார் இப்போது உள்ளே போகவில்லை. வெளிப்பக்கமாகவே துடித்துக்கொண்டு நின்றது. ஆனால் பாரம் ஏற்றி மலையில் ஓட்டிப் பார்க்க நாளில்லை. உத்திரம் வந்துவிட்டது. நான் மனதுக்குள் அக்காவைவிட அதிகமாகப் பயந்தேன். அவளாவது தோற்றால் காரோடு போகும். நான் தோற்றால் அண்ணாச்சிமார் எலிப்பொந்துக் கதையைச் சாகும்வரை சொல்லுவார்கள்.

உத்திரத்தன்று காலையில் அவர்கள் தெருவுக்குள் நுழைந்தபோது முனையில் காலி லாரி நின்றது. கோயம்புத்தூர்க்காரர் அனுப்பியது. நாளைக்குத்தானே என்று சங்கரனிடம் கேட்டேன். "மொத நாளே அனுப்பிட்டாரு வே. நான் என்ன செய்ய?" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். லாரி டிரைவர் டீ குடித்துக்கொண்டே எங்கள் காரை முன்னும் பின்னும் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். அக்கா அந்தப் பக்கமே திரும்பவில்லை.

அம்மா முன் சீட்டில். பின்னால் சங்கரன், அவர் மனைவி, ஓரத்தில் நான். பொங்கல் பானை என் மடியில். வழக்கமாக ஸ்டியரிங்கைப் பிடித்தால் அக்கா வாய் மூடமாட்டாள். எதிரே வருகிறவன், போகிறவன், ரோடு போட்டவன் எல்லோருக்கும் அர்ச்சனை நடக்கும். அன்றைக்குச் செக்போஸ்ட் தாண்டியும் ஒரு வார்த்தை பேசவில்லை. எண்ணெய்ச் சூட்டைக் காட்டும் முள்ளையும் ரோட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். முதல் வளைவு. இரண்டாவது வளைவு. எஞ்சின் சத்தம் போன தடவை போலக் கம்பீரமாக இல்லை. ஏதோ முணுமுணுத்துக்கொண்டே ஏறியது. சங்கரன் முன் சீட்டின் முதுகை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர் மனைவி கண்ணை மூடி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வளைவுக்கு முன்பே அக்கா இரண்டாவது கியருக்கு வந்துவிட்டாள். வளைவுக்குள் பாதி நுழைந்திருப்போம். மேலேயிருந்து பஸ் ஒன்று இறங்கியது. அதற்கும் வழியில்லை, எங்களுக்கும் வழியில்லை. கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, நிறுத்து நிறுத்து என்று கையை ஆட்டினார். அக்கா நிறுத்தினாள்.

சரியாக அதே இடம். நான் கல் வைத்த இடம். கீழே ஆறு. பஸ் அங்குலம் அங்குலமாக எங்களை உரசினாற்போல இறங்கிப்போனது. எஞ்சின் அணையவில்லை, ஆனால் கார் நின்றுவிட்டது. சங்கரன் மூச்சை உள்ளே இழுத்தது எனக்குக் கேட்டது. கல் தேடி இறங்கலாம் என்று நான் மடியிலிருந்த பானையைத் தூக்கினேன்.

"எறங்காதலே," என்றாள் அக்கா. கண்ணாடியில் என் கண்ணைப் பார்த்தாள். "யாரும் அசையப்பிடாது."

முதல் கியர் போட்டாள். பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் கார் ஒரு சாண் பின்னால் வழுக்கியது. அம்மா "சாஸ்தாவே" என்றாள். அக்கா மிதிக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியாததாக இருந்தது: மிதி, மிதி என்று என் கால்விரல் எல்லாம் மடங்கியது, அவள் மிதிக்கவில்லை. கிளட்சைப் பைய விட்டாள். எஞ்சின் சத்தம் இறங்கியது, இன்னும் இறங்கியது, செத்தது என்று நான் பானையை இறுக்கிக்கொண்டேன். சாகவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு உறுமல் வந்தது. கார் ஐந்து பேரையும் பானையையும் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. வளைவின் நடுவிலேயே இரண்டாவது கியர் விழுந்தது. அதற்கும் தொய்யவில்லை. இழுத்தது.

வளைவு தாண்டியதும் சங்கரன் மெல்லச் சொன்னார்: "நின்னுதுல்லா?"

அம்மாதான் முன்னாலிருந்து திரும்பாமலே சொன்னாள்: "நிக்கச் சொன்னா நிக்கது வண்டிலே. சொல்லாம நிக்கதுதான் சனியன். இது சொல்லித்தான நின்னுது?"

கோவிலில் பொங்கல் வைத்தோம். பானை பொங்கி வழிந்தது, குலவை போட்டார்கள், பூசை முடிந்தது. சங்கரன் அதுவரை ஒன்றும் சொல்லவில்லை. அக்கா சாமியைப் பார்ப்பது போலத் தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூசாரி கொடுத்த திருநீற்றை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு சங்கரன் கார் நின்ற இடத்துக்கு நடந்தார். எல்லோரும் செய்வது போல முன்பக்கத்தில் பூசுவார் என்று நினைத்தேன். அவர் சுற்றிக்கொண்டு பின்னால் போய், எஞ்சின் மூடியைத் திறந்து, உள்ளேயே பூசினார். சூடு ஏறிக் கையை உதறினார்.

"சவம், என்னமாச் சுடுது," என்றார்.

"மலை ஏறுனா சுடத்தாம்லே செய்யும்," என்றாள் அக்கா. சொல்லிவிட்டுக் கோவிலுக்குப் பின்பக்கம் போய்விட்டாள். திரும்பி வரும்போது முகம் கழுவியிருந்தாள். லாரி அன்று சாயங்காலமே காலியாகக் கோயம்புத்தூர் திரும்பியது.

இத்தோடு முடித்தால் அவளைப் புண்ணியவதி ஆக்கிவிட்டேன் என்று அர்த்தம். அடுத்த மாதம் நம் கூட்டத்தில் அவள் பேசியதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். "ஆயிரத்து எழுநூறு எஞ்சினுக்கு ஒன்றரைதான் வேணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன், இந்தச் சுடலைதான் பெருசு பெருசுன்னு அலைஞ்சான்," என்று நான் உட்கார்ந்திருக்கும்போதே சொன்னாள். பிச்சையா அண்ணாச்சியும் தலையாட்டினார். நான் கோபித்துக்கொண்டு வெகுநாள் அவள் போனை எடுக்கவில்லை. பிறகு ஒருநாள் கடைக்கு வந்து, ஆணியில் தொங்கிய அந்தப் பெரிய ஹெட்டரை விரலால் சுண்டினாள். நான் அதை எடைக்குப் போட எடுத்தபோதெல்லாம் தடுத்தவள் அவள்தான். "இது தப்புக் குழாய் இல்லலே. இதுக்கு ஏத்த ரோட்டுல நாமதான் போகல," என்றாள். பிறகு கையிலிருந்த பொட்டலத்தை நீட்டினாள். சூடான அல்வா. எனக்கு இனிப்பு ஆகாது என்பது அவளுக்குத் தெரியும். "தின்னுலே, ஒருநா தின்னா செத்துரமாட்ட," என்றாள். தின்றேன். இப்போது அவள் இல்லை, நான் இருக்கிறேன்.

செய்தி வந்த அன்று அம்பாசமுத்திரம் போனேன். கூடத்தில் அக்கா கிடந்தாள். நெற்றியில் திருநீறு, வாய் லேசாகத் திறந்து, யாரையோ மறுத்துப் பேச ஆரம்பித்தது போல இருந்தது. அம்மா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து அவள் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். பெற்றவள் இருக்கப் பிள்ளை போவதைவிடக் கொடுமை உலகத்தில் இல்லை. என்னைக் கண்டதும், "சுடலை, ஒன் அக்கா சொல்லாம நின்னுட்டாளே," என்றாள். என்னால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. ஷெட்டுக்குப் போய்க் காரின் மேல் கை வைத்துக்கொண்டு அழுதேன். எஞ்சின் குளிர்ந்திருந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு சங்கரன் என்னை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கோயம்புத்தூர்க்காரர் மறுபடி கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். சங்கரன் காரின் கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். அவர் அந்த இடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"பங்குனி வருது வே. அம்மா போகணுங்கா. நான்தான் ஓட்டணும்," என்றார். கியர் குச்சியைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். "நீரும் கூட வாரும். அந்த மூணாம் வளைவுல அக்கா எத்தன கெஜம் முன்னால கியர மாத்துவா, எப்ப மிதிப்பா, ஒண்ணும் எனக்குத் தெரியாது. அன்னைக்கு நான் கண்ண மூடிட்டேன்."

பெரிய ஹெட்டர் என் கடை ஆணியில் இன்னும் தொங்குகிறது. யார் கேட்டும் கொடுப்பதாக இல்லை. ஆனால் அக்கா எனக்கு விட்டுப்போனது அது இல்லை என்று சங்கரன் கேட்டபோதுதான் தெரிந்தது. அன்றைக்குக் காரில் இருந்த எல்லோரிலும் அவள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான். வளைவுக்குள் நுழையும் முன்பே இரண்டாவது கியருக்கு வந்துவிட வேண்டும். எஞ்சின் முனகும். பயம் வரும். அப்போது மிதிக்கக் கூடாது.

"வாரேன் வே," என்றேன். "அது இழுக்கும். நாம பைய இருக்கணும், அவ்வளவுதான்."